காற்று நுழையாத கொட்டகை

மாசி 3, காலை 6.30

வெளியே இப்போதே வெயில் கொதிக்கிறது, உள்ளே இதமாக இருக்கிறது. விளக்கேற்றி, சாமிக்கு ஒரு கரண்டி சர்க்கரை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த கப்பலில் வரும் குடும்பங்களுக்குக் கல்வீடு நல்லதா, தகரக் கொட்டகை நல்லதா என்று முகாமில் முடிவு செய்ய வேண்டுமாம். அதற்காக முதலில் குடியேறிய எங்களை அன்றாடம் எழுதிவைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குப் பேனாவைப் பிடித்தாலே கொட்டாவி வரும். ஆகவே வீட்டுக் கணக்கு எழுதுகிற நானே இதையும் எழுதுகிறேன். என் பெயர் உலகம்மாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு வரைதான், மீதியெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது.

இந்தக் கிரகம் முழுக்க மணல். எங்கள் பக்கத்துச் செம்மணல் காடு மாதிரியே இருப்பதால் இதற்கும் தேரி என்று பெயர் வைத்துவிட்டோம். இங்கே கல்வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டால் ஒரு குடும்பத்தின் குடிதண்ணீர் சிமெண்டுக்கே போய்விடும். கொட்டகைக்கு அது வேண்டாம். குழி தோண்டித் தூணை ஆழமாக ஊன்றி, சட்டம் மாட்டி, தகரத்தை முடுக்கினால் முடிந்தது. பாரமெல்லாம் ஓரத்துத் தூண்கள் தாங்குகின்றன, நடுவில் ஒரு தூணும் கிடையாது. அடுப்படி, பூஜை மூலை, தானிய மூட்டை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். வந்து இறங்கிய வாரத்திலேயே பால் காய்ச்சிவிட்டோம்.

மாசி 5, மாலை 5.15

வெள்ளைப் பூச்சுள்ள கூரை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே கனமான பஞ்சு மெத்தை. முகட்டில் வடிகட்டி வைத்த திறப்பு வழியாகச் சூடு மேலே போய்விடுகிறது, புயலில் அது தானாகவே இறுக மூடிக்கொள்ளும். உச்சிவேளையில் சுவரின் உட்பக்கத்தைத் தொட்டாலும் கை சுடவில்லை. வெப்பம் காட்டும் கண்ணாடியைப் போட்டு வெளியே நின்று பார்த்த எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். கொட்டகைக்கும் மணலுக்கும் வித்தியாசமே தெரியவில்லையாம்.

கரையான் இல்லை. துரு இல்லை. வெளியே பம்பு ஓடும் சத்தம் உள்ளே கேட்பதே இல்லை.

அவர் கிணற்றடியிலிருந்து வானொலியில் பேசினார். "ஏளா, பம்பு ஓடிட்டு. இட்டிலிக்குச் சட்னி உண்டுமா?"

"பொடிதான்."

"அப்பம் நான் இங்கனயே கெடக்கேன். நீயே தின்னு."

கிணறு கூப்பிடு தூரம்தான். ஆனாலும் வெளி உடுப்பு இல்லாமல் போக முடியாது. இங்குள்ள தூசி நுரையீரலை அடைத்துவிடும். உடுப்பு எங்களிடம் ஒன்றுதான். இன்னொன்று அடுத்த கப்பலில் வரும்.

மாசி 6, காலை 7.00

புயல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் மறுபடி சொன்னார். எழுதிவைக்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். மணலோடு மணல் உரசி மின்சாரம் உண்டாகிறதாம். அப்போது காதுக்கருவியில் வரும் குரலெல்லாம் தகரத்தைக் கீறுவதுபோல் ஒன்றாகவே கேட்கும், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. குரலே இல்லாதபோதும் யாரோ அழைப்பதுபோல் கேட்கும். அதை நம்பிப் போன இரண்டு பேர் திரும்பவில்லை. சந்தேகமான குரல் கேட்டால் கருவியை அணைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

"உச்சிப் பொழுதுல ஆராவது பேரச் சொல்லிக் கூப்புட்டாத் திரும்பிப் பாக்காதலேன்னு எங்க அம்மை சொல்லுவா. இங்க அதேதான்" என்றார்.

மாசி 9, முற்பகல் 10.40

பம்பில் மணல் ஏறிவிட்டது. அவர் கிணற்றுக்குப் போயிருக்கிறார்.

முற்பகல் 11.25

மேற்கே சுவர் எழுப்பினதுபோல் செம்புழுதி. அவரிடம் வானொலியில் சொன்னேன். "பாத்துட்டேன். சாமானக் கட்டிட்டு வாரேன்" என்றார்.

முற்பகல் 11.50

பட்டப்பகலில் இருட்டிவிட்டது. தூண்கள் லேசாக வளைந்து கொடுக்கின்றன, அதுதான் அவற்றின் குணம். கூரையில் ஓர் ஆணிகூட அசையவில்லை. காற்று சுவரில் மோதாமல் வழுக்கிப் போகிறது, மணலும் சேரவில்லை. உள்ளே விளக்குச் சுடர் ஆடவில்லை.

வானொலியில் பச்சைக்குப் பதில் மஞ்சள் விளக்கு எரிகிறது. புயலுக்கு அப்படித்தான் எரியும் போலிருக்கிறது.

பிற்பகல் 12.10

"ஏளா, கேக்குதா? ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம்னு சொல்லு."

அவர் பேச்சு வரும் திசையை வானொலியிலுள்ள முள் காட்டுகிறது. தெற்கே இருக்கிறார். "என்னங்க, காத்த இடது தோளுல வாங்கிட்டு நேரா வாங்க" என்றேன்.

பிற்பகல் 12.30

"ஏட்டி, ஏதாவது பேசு. சும்மா திட்டவாவது செய்யி."

பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். என்னங்க, என்னங்க என்று தொண்டை வறண்டுவிட்டது. முள் தென்கிழக்குக்கு நகர்ந்துவிட்டது. நம்மைக் கடந்து போகிறார். அவர் சொல்வதெல்லாம் எனக்குக் கேட்கிறது, நான் சொல்வது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை.

இரும்புச் சட்டியால் சுவரை அடித்தேன். பஞ்சு மெத்தை சத்தத்தை விழுங்கிவிடுகிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் இந்தச் சுவர் அவருக்கு மணலாகத்தான் தெரியும்.

அம்மா தாயே, ஒரு ஓட்டை உடைசலாவது இருக்கக் கூடாதா இந்த வீட்டில்.

பிற்பகல் 1.05

முகாமோடு பேச நிலத்தடிக் கம்பி உண்டு. அங்கே வானொலி பார்ப்பது என் கொழுந்தன் குற்றாலம். முகாம் வானொலி கிணறுவரை எட்டாது, அதனால் அவன் கம்பி வழியே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மைனி, மஞ்ச வெளக்கா எரியுது? அப்பம் உங்க பேச்சு வெளிய போகல. அண்ணன எப்டிக் கூப்புடுதீய?"

"எப்பவும் போலத்தான் தம்பி. என்னங்கன்னு."



"மைனி, புயல் இரைச்சலுல அண்ணன் பேரச் சொன்னாத்தான் வீட்டு வானொலி அதப் பேச்சுன்னு எடுத்து அனுப்பும். அண்ணந்தான பேர ஏத்துனது, சொல்லலையா?"

சொல்லவில்லை. நான் அவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்பது பெயரை ஏற்றும்போது அவருக்கு நினைவு வந்திருக்காது. கல்யாணமான நாள் முதல் சொன்னதில்லை. ஊர்க் கோயிலில் சாமிக்கும் அதே பெயர், அங்கேகூடப் பெரிய சாமி என்றுதான் கும்பிடுவேன்.

"சொல்லுங்க மைனி. சாமி கோவிக்காது."

பிற்பகல் 1.20

சொன்னேன். முதல் தடவை வாய் வரவில்லை, இரண்டாவது தடவை வந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"சங்கரலிங்கம். திரும்பி வாங்க. வீடு பின்னால இருக்கு."

உடனே பதில் வந்தது. மூச்சு இழுத்து இழுத்துப் பேசினார். உடுப்பின் வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஆரு அது?"

"நான்தாங்க" என்றேன். பெயர் சொல்லவில்லை. மஞ்சள் விளக்கு.

"சங்கரலிங்கம், நான் உலகம்மா." பச்சை.

"உலகம்மாவா? எம் பொண்டாட்டி எம் பேரச் சொல்ல மாட்டா." சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. "எங்க அம்மைக்குத் தப்பாத பிள்ள நான். உம் பின்னால வரமாட்டேன், போ."

"சங்கரலிங்கம், பொடிதான், சட்னி இல்ல, நான்தான்..."

டக் என்று ஒரு சத்தம். கருவியை அணைத்துவிட்டார்.

பிற்பகல் 1.45

முள் அவர் கடைசியாகப் பேசிய திசையிலேயே நிற்கிறது. தாமே சொன்னபடி அங்கேயே உட்கார்ந்திருப்பார். எங்கே என்று தெரியும், குரல் வந்த பலத்தைப் பார்த்தால் கிணற்றைவிடப் பக்கம். கதவு வரைக்கும் போனேன். புடவையை நனைத்து மூக்கில் கட்டித் தாழ்ப்பாளை விலக்கினேன். புயல் அடங்கும்வரை கதவு திறக்காது. உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மாலை 4.00

குற்றாலம் கம்பியில் அழுகிறான். புயல் தணிந்தால்தான் வண்டி எடுக்க முடியுமாம். வடிகட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவனிடம் நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மாசி 10, காலை 6.30

முகாமின் கவனத்துக்கு. புயல் இன்னும் அடங்கவில்லை. தூண்கள் நேராக நிற்கின்றன. கூரையில் சேதம் இல்லை. உள்ளே ஒரு பொட்டு மணல் நுழையவில்லை. சாமி விளக்கு அணையவில்லை.

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இப்போது வாய் தடுக்குவதில்லை.

சங்கரலிங்கம். பச்சை.

சங்கரலிங்கம். பச்சை.

இந்த விளக்கு, அனுப்பியாயிற்று என்று மட்டும்தான் சொல்லும்.

சங்கரலிங்கம்