மறைக்காமல் சொன்னவளுக்கு

இன்று வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு என் கால் தானாக நின்றுவிட்டது. பழைய சோற்றுத் தூக்கைத் திறந்து, "இது இல்லன்னா சோறு எறங்குமாடி?" என்று நீ கேட்பாயே, அது காதில் விழுந்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சொல்லாமல் வைத்திருந்ததை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில் காண்ட்ராக்டில் சேர்ந்தவர்கள். நெய்வேலி குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்கும் வேலை. உன் அம்மா சேத்தியாத்தோப்புப் பக்கம் நாற்று நட்டவள், என் அம்மாவும் அப்படித்தான். மாதாமாதம் சம்பளம் என்பதே நம் இரண்டு குடும்பங்களுக்கும் புதிது. அது போய்விடுமோ என்ற பயத்தில், உடம்புக்கு என்ன வந்தாலும் வாயைத் திறக்கமாட்டோம். ஊரில் நடந்த முகாமில் உனக்கு பிரஷர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தீரும்வரை போட்டாய். "தலவலி நின்னுபூட்டுது, இனிமே எதுக்கு?" என்று விட்டுவிட்டாய். சரிதான் என்று நானும் சொன்னேன். அது இன்றும் உறுத்துகிறது.

ஒருநாள் உன் வலது கையிலிருந்து துடைப்பம் நழுவி விழுந்தது. பேச்சு குழறியது. தண்ணீர் கொடுத்து நிழலில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. வெயில் மயக்கம் என்று இருவருமே நம்பினோம். சில மாதங்கள் கழித்து, பெருக்கிய தெருவையே மறுபடி பெருக்க ஆரம்பித்தாய். பதினைந்து வருடம் நடந்த வழியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றாய். "காலையிலயே ஊத்திகினு வந்துட்டியா?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார். நீ தலைகுனிந்து நின்றாய். யாருக்கும் தெரியாமல் உன் தெருக்களையும் நானே பெருக்கினேன். அதுதான் உதவி என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "மூளைக்குப் போற சின்னச் சின்ன ரத்தக்குழாய் அங்கங்க அடைச்சிருக்கும்மா. அன்னைக்குக் கை தளர்ந்ததும் அதனாலதான். பிரஷரைக் கவனிக்காம விட்டுட்டீங்க."

"போன ஞாபகம் திரும்பி வருமாங்க?" என்று கேட்டாய்.

"அதை உறுதியாச் சொல்ல முடியாது. மாத்திரையை விடாதீங்க, உப்பைக் குறைங்க. இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம்."

பஸ்ஸில் உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "யாருகிட்டயும் சொல்லாதடி. தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க." வடலூர் வரும்வரை மாத்திரைச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு, "மறைச்சி மறைச்சித்தான்டி இங்க வந்து நிக்கறேன்" என்றாய்.

மறுநாள் காலை கையெழுத்துப் போட நாற்பது பெண்கள் கூடியிருந்தோம். "எல்லாரும் செத்த நில்லுங்க" என்று நீ முன்னால் போனாய். "நான் குடிக்கல. கிறுக்கும் புடிக்கல. பிரஷர் இருந்துது, மாத்திரைய நிறுத்திட்டேன். மூளைக்குப் போற ரத்தம் அடச்சிகினு மறதி வந்துட்டுது. உங்கள்ல எத்தினி பேருக்கு இருக்குதோ! அது வலிக்கவே வலிக்காது. போய்ப் பாருங்க." நடுவில் ஒரு சொல் வராமல் நின்றாய். எடுத்துக் கொடுக்க நான் வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னைத் தடுத்து, நீயே தேடி எடுத்தாய். அந்த நிமிடம் உன்னைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

"அப்ப நாளையிலேர்ந்து வராத" என்றார் சூப்பர்வைசர்.

முதலில் துடைப்பத்தைக் கீழே போட்டவள் மேரி, உன்னோடு சண்டை போட்டு ஆறு மாதமாகப் பேசாதவள். "அவ வரலன்னா நானும் வரலங்க." அடுத்து நான். பிறகு நாற்பது துடைப்பமும் தரையில் கிடந்தன. காண்ட்ராக்டர் நேரில் வந்து பேசினார். துடைப்பமும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் ஷெட் வேலை உனக்குக் கிடைத்தது. இரண்டு வருடம் அதைப் பார்த்தாய்.

நீ அத்தோடு விடவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸை நச்சரித்து, ஒரு புதன்கிழமை காலை ஷெட்டுக்கே வரவழைத்தாய். எல்லாரும் கையை நீட்டினார்கள், நான் மட்டும் பின்னால் ஒளிந்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லடி" என்றேன். "நானும் அப்படித்தான் சொன்னேன்" என்று இழுத்து உட்காரவைத்தாய். நர்ஸ் இரண்டு முறை பார்த்தார். அன்று வந்தவர்களில் எனக்குத்தான் பிரஷர் அதிகம். நீ திட்டவில்லை. "வா, இன்னிக்கே டாக்டர பாத்துட்டு வரலாம்" என்று செருப்பை மாட்டினாய்.

கடைசி மாதங்களில் உன் மகள் பெயர்கூட உனக்கு வரவில்லை. பிறகு ஒரு விடியற்காலையில் மறுபடி அடைப்பு வந்தது. இந்த முறை பெரிதாக. உன்னை எடுத்தபோது நாங்கள் அத்தனை பேரும் வந்திருந்தோம். சூப்பர்வைசரும் வந்து, ஓரமாக நின்று அழுதார்.

இப்போது புதன்கிழமைகளில் நர்ஸை அழைத்துவருவது நான். புதிதாகச் சேரும் பெண்களிடம் உன் கதையைச் சொல்லித்தான் கையை நீட்டச் சொல்கிறேன். அன்று தொடங்கிய மாத்திரையை நான் ஒருநாளும் விடவில்லை. போன மாதம் டாக்டரம்மா என் ஞாபகத்தைச் சோதித்தார். எதையும் தப்பாகச் சொல்லவில்லை. இந்த மடலையும் யாரையும் எதையும் கேட்காமல் நானே எழுதினேன். உன்னை இத்தனை தெளிவாக நினைக்க முடிகிறதே, அது நீ என் கையைப் பிடித்து இழுத்ததால்தான்.