ரதி அழுத மெட்டு

ஜெயபுரம்,
11.8.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி ராக்காயி எழுதுகிறேன். கிழித்துப் போட முதல் இந்தப் பக்கத்தையாவது வாசியுங்கள். நானும் அவரும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். கோபம் வந்தால், உங்கள் முருகனையும் சேர்த்துத்தான் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. மல்லாவிச் சந்தையில் நேருக்கு நேர் கண்டபோதுகூட வெங்காயக்காரனோடுதான் கதைத்துக்கொண்டு நின்றீர்கள். அண்ணி மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் வேதக் கோயிலுக்குப் போனது பாட்டுக்காக. இயேசு அதற்குப் பிறகுதான் வந்தார். எங்கள் போதகர் ராஜரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்து ஆள், தங்கமான மனிதர். ஆனால் அவர் ஆர்மோனியத்தில் கீர்த்தனை எடுத்தால் நம் சனங்கள் பல்லுப் பிடுங்க வந்தவர்கள் மாதிரி வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருப்பார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்த சனம். அவர்களுக்குத் தெரிந்தது கொழுந்துப் பாட்டும் தாலாட்டும் காமன் கூத்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் நான் எழும்பி அப்பாவின் மெட்டில் பாடிவிட்டேன். மாசிக் கூத்தில் அப்பா ரதி வேஷம் கட்டி, மதன் எரிந்துபோன பிறகு மண்ணில் விழுந்து அழுவாரே, அந்த மெட்டு. சிலுவைக்குக் கீழே நின்று மரியாள் அழுவதாக வார்த்தை போட்டேன்.

கோயில் முழுக்கச் சேர்ந்து பாடியது, அண்ணா. ஐயா ஆர்மோனியத்தை மூடிவிட்டு, "பிள்ளை, உது எங்கையிருந்து வந்தது? இன்னொருக்கால் பாடுங்கோ" என்றார்.

இப்போது பூநகரியிலும் கிளிநொச்சியிலும் கூப்பிடுகிறார்கள். தோட்டத்து மெட்டில் சுவிசேஷப் பாட்டு இந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லையாம். பாட்டுகளைப் பதிந்து கசெற் போட வேண்டுமென்று ஐயா ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்தப் பாட்டு இல்லாமல் கசெற் இல்லை. ஆனால் மெட்டு அப்பாவுடையது. அவருக்குப் பிறகு கூத்து உங்கள் கையில். நீங்கள் சரி என்றால் பாடுவேன். வேண்டாம் என்றால் அந்தப் பாட்டுக்கு இனி வாய் திறக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் தங்கச்சி,
ராக்காயி


மல்லாவி,
2.9.1985

ராக்காயிக்கு,

இங்கே சுகம்.

அந்தப் பாட்டைப் பாட அப்பா விரதம் இருப்பார். கவிச்சி தொடமாட்டார், அம்மாவோடு ஒரே பாயில் படுக்கமாட்டார். நீ ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பாடுகிறாய். சாமியை மாற்றினாய், சரி, அது உன் தலை. அப்பாவையும் மாற்றப் பார்க்கிறாயா? அந்த மெட்டு ரதிக்கு. வேறு யாருக்கும் இல்லை. வேண்டாம்.

கத்தரி விதை உள்ளே இருக்கிறது. நான் அனுப்பவில்லை, உன் அண்ணிதான் அனுப்பச் சொன்னாள்.

பழனியாண்டி


ஜெயபுரம்,
20.9.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேசினீர்களே, அது போதும் என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைத்துப் பார்த்தால் போதவில்லை.

பாட்டை நிறுத்திவிட்டேன். சனங்கள் கேட்கிறார்கள், தொண்டை சரியில்லை என்கிறேன். ஐயாவுக்கு உண்மையைச் சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தில், "உங்கடை அண்ணர் என்ன, மெட்டுக்குத் தன்ரை பேரிலை காணி உறுதி முடிச்சு வைச்சிருக்கிறாரோ?" என்று கேட்டுவிட்டார். என் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சண்டைக்குப் போய்விட்டேன். அவரே பயந்துபோனார். கசெற் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு அழுகையாக வருகிறது, அண்ணா. மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு வேலை எனக்குக் கைகூடி வந்தது. அதை நானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டேன்.

அண்ணியிடம் சொல்லுங்கள், விதை எல்லாம் முளைத்துவிட்டது.

தங்கச்சி,
ராக்காயி


ஜெயபுரம்,
3.1.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இது மெட்டுப் பற்றிய கடிதம் அல்ல. நத்தாருக்கு, அதுதான் இயேசு பிறந்த நாளுக்கு, இங்கே நடந்த கூத்தை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் விளங்கும்.

விடியற்காலை ஆராதனைக்கு "உங்கடை ஆக்களின்ரை பாணியிலை ஏதும் செய்யுங்கோ" என்றார் ஐயா. தப்பு அடித்து, 'எழும்புங்கள், மீட்பர் பிறந்தார்' என்று ஒரு பாட்டுத் தொடங்கலாம் என்று யோசித்தேன். தப்பு அடிக்க ஆள்? நீங்கள் வரமாட்டீர்கள். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் இருக்கேன்ல" என்றார். வீரையாவுக்குச் சனத்தை எழுப்புகிற அடி என்றால் தெரிந்தது ஒன்றே ஒன்று. தோட்டத்தில் விடியக்காலை எல்லோரையும் வேலைக்கு வரிசை கட்டக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு!

அவர் அடித்தார். முன்னால் இருந்த கிழவிகள் சட்டென்று எழும்பினார்கள். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று ஐயா சந்தோஷமாகக் கையை உயர்த்தினார். கிழவிகள் திரும்பி வெளியே நடந்தார்கள். பின்னால் ஆண்கள். முற்றத்தில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, தலையில் முக்காடும் போட்டாயிற்று. ஒருவர், "கங்காணி எங்கப்பா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஐயா வேதப்புத்தகத்தோடு ஓடி வருகிறார். "எங்கை எல்லாரும் போயினம்? இன்னும் பிரசங்கமே தொடங்கேல்லை!"

அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். நானும் சிரித்தேன். பிறகு எனக்கு மட்டும் அழுகை வந்தது. லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்து விரட்டி இத்தனை வருடமாகியும் நம் கால் இன்னும் துரைக்குப் பயந்துகொண்டிருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது.

வீரையா அதற்குப் பிறகு இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை.

தங்கச்சி,
ராக்காயி


மல்லாவி,
16.2.1986

தங்கச்சி ராக்காயிக்கு,

உன் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று உன் அண்ணி இராசமலர் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். மச்சானிடம் போய்த் தப்பைக் கொடுத்தாயே, உனக்குப் புத்தி எங்கே போனது?

தனியாகச் சிரிக்க முடியாமல் வடிவம்மா அத்தையிடம் போய்ச் சொன்னேன். தோட்டத்தில் நமக்குப் பின் லயத்தில் இருந்தவர், இப்போது எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார். கண் பார்வை குறைந்துவிட்டது. அவரும் நன்றாகச் சிரித்துவிட்டு, "புள்ளதான் நல்லா பாடுமே. ஒங்கப்பன் பாடுற ரதி பாட்டப் பாடியிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?" என்றார். நீ பாடியதையும் நான் தடுத்ததையும் பெருமையாகச் சொன்னேன். அப்பாவின் மெட்டை விட்டுக்கொடுக்கவில்லை என்றேன்.

அத்தையின் முகம் மாறிவிட்டது.

"அது ஒங்கப்பன் மெட்டுன்னு யாருடா சொன்னா? எம் மகன் செத்தப்ப நான் அழுத அழுகடா அது. தூரத்துல நின்னு ஒங்கப்பன் கேட்டிருக்கான். காரியமெல்லாம் முடிஞ்ச பொறவு வந்து கையக் கட்டிக்கிட்டு நின்னான். 'அக்கா, இந்த அழுகய ரதிக்குக் குடுப்பியா'ன்னு கேட்டான். எடுத்துக்கடான்னேன். எம் புள்ளைக்கு அழ வேற நாதியில்ல, வருசா வருசம் ரதியாச்சும் அழுவட்டும்னேன்."

அத்தைக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பதே எனக்குத் தெரியாது, நமக்கு விவரம் தெரியும் முன் நடந்திருக்கிறது. அப்பா கேட்டு வாங்கினார். நான் உன் போதகர் சொன்னமாதிரி உறுதி முடித்தவன் போல நின்றுகொண்டிருந்தேன். மெதுவாக, "தங்கச்சி பாடலாமா, அத்தே?" என்று கேட்டேன்.

"அந்த மரியாளும் மகனப் பறிகுடுத்தவதான? பாடச் சொல்லு. நானும் கேக்கணும்" என்றார்.

பாடு, ராக்காயி. பெரிய வெள்ளிக்கு அத்தையை உன் அண்ணியோடு பஸ்ஸில் அனுப்புகிறேன். நான் வரவில்லை. வேதக் கோயிலில் எங்கே செருப்பைக் கழற்றுவது, எப்போது கும்பிடுவது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. கோபம் இல்லை. அது சிரிப்போடு போய்விட்டது.

உன் அண்ணன்,
பழனியாண்டி


ஜெயபுரம்,
2.4.1986

என் அன்பான அண்ணனுக்கு,

அண்ணி வந்து எல்லாம் சொல்லியிருப்பார். ஆனாலும் நானும் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து, கசெற் பதிந்து விற்கும் றெக்கோடிங் பார்க்காரர் வந்து ஒரு கதிரையில் றெக்கோடரை வைத்திருந்தார். அத்தையை முன்னால் பாயில் உட்கார வைத்தேன். நான் தொடங்கினேன். இரண்டாவது அடியில் பக்கத்தில் இன்னொரு குரல். நான் 'என் மகனே' என்கிறேன், அந்தக் குரல் 'என் கருப்பையா' என்கிறது. அத்தைதான். குரல் உடைந்துபோயிருந்தது, ஆனால் நிற்கவில்லை. நான் என் வாயை மூடிக்கொண்டேன், அண்ணா. அழுகைக்குச் சொந்தக்காரி அழும்போது எனக்கு அங்கே என்ன வேலை? அவர் ஒரு சுற்றுப் பாடி முடித்தபிறகுதான் எல்லோரும் சேர்ந்தோம். ஐயா பிரசங்கத்துக்கு எழும்பி நின்று, "இண்டைக்கு இது காணும், வேறை பிரசங்கம் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

றெக்கோடிங் பார்க்காரருக்குத் திருப்தி இல்லை. அந்த அம்மாவின் குரல் இல்லாமல் இன்னொரு தரம் பாடச் சொன்னார். முடியாது என்றேன். கசெற் அட்டையில் என் பெயரை வேதத்தில் உள்ள பெயராக ரூத் என்று போடலாமா என்று ஐயா கேட்டார். ராக்காயி என்றே போடுங்கள், ஆண்டவருக்கு என்னை அந்தப் பெயரில்தான் தெரியும் என்றேன்.

பஸ் ஏறும்போது அத்தை என் கையைப் பிடித்து, "வயித்தெரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கு புள்ள" என்றார். எனக்கும்தான்.

தங்கச்சி,
ராக்காயி


ஜெயபுரம்,
26.4.1987

என் அன்பான அண்ணனுக்கு,

நீங்கள் இங்கே வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போனபின் வீரையா ஒழுங்காகத் தப்பு அடிக்கப் பழகுகிறார். அக்கம்பக்கத்து நாய்களுக்குத்தான் கஷ்டம்.

கசெற் வவுனியா, முல்லைத்தீவு எல்லாம் போய்விட்டது. பெரிய வெள்ளிக்குக் கண்டாவளைக்குக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி வயல் வைத்திருக்கும் கமக்காரர் சபை. நம்மைப்போன்ற ஆட்களை வீட்டுக்குப் பின்னால் குசினிப் பக்கத்தால் வரச்சொல்லும் வீடுகளும் அங்கே உண்டு. எனக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருந்தார்கள். நான் பாட எழும்ப முதல் அவர்களே என் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். கசெற்றைக் கேட்டுக் கேட்டு, ஒரு எழுத்து விடாமல் பாடமாக்கியிருக்கிறார்கள். அத்தை பாடிய இடம் வந்தது. முழுக் கோயிலும் 'என் கருப்பையா, என் கருப்பையா' என்று அழுதது! எனக்குப் புல்லரித்துவிட்டது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

முடிந்தபின் விமலேஸ்வரி என்று ஒரு அம்மா வந்து, "தங்கச்சி, கருப்பையா எண்டது ஆர்? வேதத்திலை தேடித் தேடிக் களைச்சுப்போனன்" என்று கேட்டார். நான் தேத்தண்ணீரைக் குடித்துச் சமாளித்தேன். அந்தச் சபைப் போதகர், பாட்டுப் புத்தகத்தில் சேர்க்கும்போது அந்த இடத்தில் 'இயேசையா' என்று திருத்திவிடலாம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பாட்டு ராக்காயி பாட்டு என்று ஊர் சொல்கிறது. ஆனால் இதைத் தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லை. அத்தையைக் கேட்டு எழுதுங்கள். மனம் நோகாமல் கேளுங்கள், உங்கள் பாணியில் வேண்டாம்.

தங்கச்சி,
ராக்காயி


மல்லாவி,
9.5.1987

அன்புத் தங்கச்சிக்கு,

என் பாணியில் கேட்கவில்லை. இராசமலரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"எத்தன பேரு பாடுனாங்களாம்?" என்றார் அத்தை.

"கோயில் நெறஞ்சிருந்துச்சாம், அத்தே."

"கமக்காரங்களுமா?"

"அவங்கதான் பாடுனதே."

அத்தை வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு மகன் செத்த கதையைச் சொன்னார். பிள்ளை வயிற்றோட்டத்தில் போனதாம். தொற்றிக்கொள்ளும் என்று பயந்து லயத்துச் சனம் கதவைச் சாத்திக்கொண்டதாம். தூக்கிக்கொண்டு போனதும் புதைத்ததும் அத்தையும் புருஷனும் மட்டும்தான். "நான் ஒருத்திதான் அவம் பேரச் சொல்லிக் கத்துனேன். ஒருத்தரும் கிட்ட வரல" என்றார்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. இராசமலர் அத்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று அத்தை சிரித்தார்.

"நடக்கக்கூடத் தெரியாதுடா அவனுக்கு. தவந்துகிட்டுத்தான் இருந்தான். கண்டாவள வரைக்கும் போயிட்டான் பாரேன்!"

அன்று அத்தை இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகவே பெயரை எடுக்க வேண்டாம் என்று அந்தப் போதகரிடம் சொல். அந்த அம்மாவையும் வேதத்தில் தேடிக் கஷ்டப்பட வேண்டாம் என்று சொல். கருப்பையா யார் என்று இனி யாராவது கேட்டால், எங்கள் வடிவம்மாவின் மகன் என்று சொல்.

அன்புடன் உன் அண்ணன்,
பழனியாண்டி