உங்கள் எண்ணில் ஒரு புத்தகம்

இல்லை அக்கா, இன்னும் அழிக்கவில்லை.

காலையிலிருந்து திரையில் அந்தக் கேள்வி நிற்கிறது. இந்த உறுப்பினரை நீக்கலாமா? மேலே உங்கள் பெயர், எண், சின்னதாக ஒரு படம். வெளிச்சம் அடிக்கிறது என்று உங்கள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி நான் எடுத்த படம். எங்கே பார்ப்பது என்று தெரியாத முகம். இறந்துபோன உறுப்பினர்களின் பதிவுகளை இந்த வாரத்துக்குள் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார் நூலகர் மேடம்.

விசைப்பலகைக்குப் பக்கத்தில் உங்கள் நோட்டு. போன ஞாயிறு சர்ச் வாசலில் உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். ஆபீஸ் நோட்டு மாதிரி இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். திறந்தால் தைல வாசனை. மவுஸ் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு போய்விட்டது என்று தடவிக்கொள்வீர்களே, அது.

முதல் பக்கத்தில் திருப்பதி. நூலகத்துக்கு ஆன்லைன் மென்பொருள் வருகிறது என்று நம் இருவரையும் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சித்தூரில் ஏறிய பஸ் முழுக்க மலைக்குப் போகிறவர்கள். நீங்கள் ஜன்னலோரம், மடியில் டிபன் பாக்ஸ். வகுப்பில் தெலுங்கில் சொன்னதையெல்லாம் தமிழில் எழுதிக்கொண்டே வந்தீர்கள். ‘நீல பட்டன். அமுக்கிட்டு, சுத்தறது நிக்கிற வரிக்கும் கைய எட்த்துட்டு இரு.’ பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது என்றபோது என் பக்கம் சாய்ந்தீர்கள். “எங்க வூட்டுக்காரருகிட்டகூட நான் இத்தினி ரகசியம் வெச்சிக்கினதில்ல.” நான் சிரித்ததில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

அந்தப் பக்கத்திலேயே, கீழே, பாஸ்வேர்டு எழுதியிருக்கிறது.

திரும்பி வந்த பிறகு தினமும் மதியம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் நூலக அறிவியல் படித்தவள், ஒப்பந்த வேலைக்கு வந்து சில மாதங்கள். நீங்கள் இருபது வருடமாக ரெஜிஸ்டரில் கையால் எழுதியவர். முதலில் உறுப்பினர் அட்டை, பிறகு புத்தகம். அட்டை இல்லாமல் புத்தகம் பதிவாகாது. எத்தனை முறை சொல்லியிருப்பேன். என் குரலில் இருந்த அந்தப் பொறுமை இப்போது எனக்குக் கேட்கிறது. கேட்க நன்றாக இல்லை.

ஒரு வருடம் ஆகப்போகும்போது அந்தச் செவ்வாய்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் முந்தின வாரம் தமிழ் நாவல் எடுத்ததாகத் திரையில் இருந்தது. அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை பஸ் ஸ்டாண்டு சுவரில் நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. தேடினேன். தமிழ் அலமாரிப் பதிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. செத்தவர்கள். பெங்களூருக்குக் குடிபோனவர்கள். எல்லாம் உங்கள் லாகினில்.

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்காவிடம் செத்தவர்கள்கூட வந்து புத்தகம் வாங்கிப் போகிறார்கள் என்று தெலுங்கில் சொன்னேன். அறையில் எல்லோரும் இருந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்.

“எனக்கு எங்கம்மா வருது இதெல்லாம்” என்றீர்கள். “நம்பர தப்பா தட்டிக்கினு இருந்திருப்பேன்.”

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் தவறான பதிவு என்று நீக்கினேன். உங்களுக்கு உதவுகிறேன் என்றே நினைத்தேன்.

ஒரு வருடமாக யாரும் எடுக்காத புத்தகம் அந்த மென்பொருளில் சிவப்பாகும். சிவப்பானதைக் கட்டி குடோனுக்கு அனுப்ப வேண்டும். மறுமாதம் தமிழ் அலமாரி இரண்டும் சிவந்தன. “அரவம் புஸ்தகாலு எவரு சதுவுதாரு?” என்றார் மேடம். கோபமில்லை. தமிழ்ப் புத்தகம் யார் படிக்கிறார்கள் என்ற சாதாரணக் கேள்வி. யாருமில்லை என்றது திரை.

நீங்கள் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துக் கோணியில் அடுக்கினீர்கள். தூக்கி எறியப்போவதை எதற்குத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

“அந்த செவப்ப மாத்த முடியாதாம்மா?”

“சிஸ்டம் அப்படித்தான்கா.”

நீங்கள் அடுத்த புத்தகத்தை எடுத்துத் துடைத்தீர்கள். புதிதாக வந்தவை என்பதால் ஓர் அடுக்கு மட்டும் மிஞ்சியது.

ஐந்து மாதம் கழித்து நீங்கள் போனீர்கள். ஒரு காலை, நெஞ்சுவலி. கல்லறைத் தோட்டத்தில் பின்வரிசையில் நின்றேன். கம்ப்யூட்டர் வராத அக்கா என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

நோட்டின் பின்பக்கங்களைத் திங்கட்கிழமைதான் பார்த்தேன். ஸ்கேலால் போட்ட கோடுகள். தேதி, புத்தகத்தின் எண், உறுப்பினர் எண். கடைசியில் ஒரு வரி.

‘பச்ச பொடவ. கோர்ட்டு வாய்தா. சாயந்தரம் வரிக்கும் படிச்சிச்சு.’

‘வெதுருகுப்பம் பெரியவரு. பேரன் ஆஸ்பத்திரில. கண்ணாடி இல்ல, என்னுத குட்த்தேன்.’

‘நாகலாபுரம் பொண்ணு. கைக்கொழந்த. பத்து பக்கம்.’

பக்கம் பக்கமாக. கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து, கூப்பிடும் வரை நம் மின்விசிறிக்கு அடியில் உட்காருகிறவர்கள். நானும்தான் அவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அட்டை இல்லை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோவதுமில்லை. ஆனால் படித்தார்கள். அட்டை இல்லாமல் பதிவாகாது என்று நான் சொல்லிக்கொடுத்ததை நீங்கள் நன்றாகவே கற்றிருந்தீர்கள். எண் இருந்தும் ஆள் இல்லாதவர்களிடமிருந்து, ஆள் இருந்தும் எண் இல்லாதவர்களுக்கு இரவல் வாங்கியிருக்கிறீர்கள்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. கோடுகள் மட்டும் நோட்டின் முடிவு வரை போட்டிருக்கின்றன.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டுப் பார்க்கிறேன். உங்களைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவளிடம் எதைச் சொல்வது.

குடோனில் விசாரித்தேன். கோணிகள் பழைய பேப்பரோடு போய்விட்டனவாம்.

இன்று பதினோரு மணிக்கு ஓர் அம்மா வந்தார்கள். கையில் சுருட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டு. தமிழ் புக்கு இருக்குதா என்று கேட்டார்கள். அந்த ஒரே அடுக்கைக் காட்டினேன்.

“இங்கியே குந்திக்கினு படிக்கலாமா? எட்த்துக்கினு போவ மாட்டேன்.”

உதடு அசைய அசையப் படித்தார்கள். ஒரு மணிக்கு எழுந்து வந்து, படித்த இடத்தில் விரலை வைத்தபடியே புத்தகத்தை என்னிடம் நீட்டினார்கள். “அடுத்த திங்கக்கிழம மறுபடி வரச் சொல்லிக்கிறாங்க. யாருக்கும் குட்த்துடாதம்மா.”

அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தேன். அவர்கள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு திரையில் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினேன். அந்தப் புத்தகத்தை உங்கள் எண்ணில் பதிந்தேன். நீலப் பட்டனை அமுக்கிவிட்டு, சுற்றுவது நிற்கும் வரை கையை எடுத்துவிட்டு இருந்தேன். உங்கள் நோட்டில், முதல் காலிக் கோட்டில் எழுதினேன்: ‘மூக்குத்தி. ஆஸ்பத்திரி சீட்டு. பாதி படிச்சாங்க. திங்கக்கிழம வருவாங்க.’