நான் உள்ளே இருக்கும்போதே திருடப்பட்ட பயிற்சிக் கார் தொடர்பாக

அனுப்புநர்:
உரிமையாளரும் ஒரே ஆசிரியரும்,
கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி,
மருந்துக் கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
சமூகச் சமரசப் பிரிவு (சிறைக்கு மாற்று ஏற்பாடு),
நீதிமன்ற வளாகம், இரண்டாம் மாடி.

பொருள்: என் காரைத் திருடியவருக்கு நானே கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்ற சமரச ஒப்பந்தம் – இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் அவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்காவிட்டால் சிறை என்ற நிலை – கெடுவை நீட்டிக்கக் கோருதல் – மற்றும் வேறொரு விஷயம்.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் நினைவூட்டல் கடிதம், வாகன உரிம அலுவலகத்தின் மறுப்புக் கடிதம். (இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்கண்டவற்றைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பொறுமையை மாணவர்களிடம் கேட்டுக் கேட்டே பழகிவிட்டதால் தங்களிடமும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

1. இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்கு உள்ளதுபோலவே பக்கத்து இருக்கையில் இருக்கும் ஆசிரியரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் மதியம், சாப்பிட்ட களைப்பில், ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டு, அந்தப் பக்கத்து இருக்கையை முழுவதும் சாய்த்து, முகத்தில் கைக்குட்டையைப் போட்டுப் படுத்திருந்தேன். அப்போது எங்கள் பள்ளிக்குத் தண்ணீர் கேன் போடுபவர் காரில் ஏறி, அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். காருக்குள் நான் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. இவரைத் 'திருடர்' என்று எழுதக் கூடாது, 'தீங்கு செய்தவர்' என்றே எழுத வேண்டும் என்பது தங்கள் அலுவலகத்தின் அறிவுரை. நான் தண்ணீர்க்காரர் என்றே எழுதுகிறேன், அதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

2. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் நான்கு கிலோமீட்டர் போனார். காரணம் நான்தான் என்பது காவல்துறையின் முடிவு. கியர் கரகரத்ததும் என் வாய் தானாக "ஃபர்ஸ்ட்லயே இழுக்காதீங்க, மாத்துங்க" என்றிருக்கிறது. என் கால் தானாகக் கிளட்சை மிதித்திருக்கிறது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தும் நான் சொன்னபடி செய்திருக்கிறார். மூன்று சிக்னலிலும் நின்றிருக்கிறார், திரும்பும் இடத்திலெல்லாம் இண்டிகேட்டர் போட்டிருக்கிறார். "வாகனம் சாலை விதிகளை முழுமையாகப் பின்பற்றித் திருடப்பட்டுள்ளது" என்று முதல் தகவல் அறிக்கையில் இருப்பதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். இவை யாவும் என் உறக்கத்தில் நடந்தவை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

3. கடைசியில் கார் ஒரு இஸ்திரிக் கடையின் முன்பக்கம் ஏறி மேசையைச் சாய்த்தது. கடை நடத்தும் அம்மாள் கீழே விழுந்து வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்தது. இந்த வழக்கில் நிஜமாக அடிபட்டவர் அவர் ஒருவர்தான். தண்ணீர்க்காரர் மேல் ஏற்கெனவே சைக்கிளை எடுத்துப் போய் மறுநாள் திருப்பி நிறுத்திய வழக்கு இரண்டு உண்டு. ஆகவே இந்த முறை இரண்டு வருடம் சிறை நிச்சயம் என்றார்கள். அந்த அம்மாள்தான் குறுக்கே வந்தார். "என் கைய ஒடச்ச அவரு உள்ள போயிட்டா கடைத் துணிய யாரு தேய்க்கிறது? நீங்க வருவீங்களா?" என்று நீதிபதியையே கேட்டுவிட்டார். அப்படித்தான் வழக்கு தங்கள் பிரிவுக்கு வந்தது.

4. தங்கள் அலுவலகத்தில் வட்டமாக நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தீர்கள். கையில் பேச்சுக்கோல் வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம் என்றும், கோல் இன்னும் வந்து சேராததால் அதுவரை ஸ்டேப்ளரைப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னீர்கள். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் நான் முதலில் பேசினேன், மூன்று நிமிடத்தில் முடித்தேன். குடும்பத்தார் என்ற முறையில் வந்த என் மனைவி ஸ்டேப்ளரை வாங்கியவர் நாற்பது நிமிடம் தரவில்லை. "சாப்பிடும்போது மெதுவா, பேசும்போது மெதுவா, சிரிக்கும்போதுகூட முன்னாடி பார்த்துச் சிரின்னு சொல்றார். தூக்கத்துல என் காலைப் பிரேக்குன்னு நெனச்சு மிதிக்கிறார்" என்றார். இதைத் தாங்கள் 'இதர பாதிப்புகள்' என்ற தலைப்பில் பதிவு செய்தது மட்டுமல்லாமல், நான் உறக்கத்தில் இருந்ததற்குச் சான்றாகவும் ஏற்றுக்கொண்டீர்கள். அன்று அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

5. வட்டத்தின் முடிவில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அம்மாளின் கை குணமாகும்வரை தண்ணீர்க்காரர் தினமும் நான்கு மணி நேரம் அவர் கடையில் துணி தேய்க்க வேண்டும். இனி எங்கும் எப்போதும் உண்மையை மட்டுமே பேச வேண்டும். நான் அவருக்கு முறையாகக் கார் ஓட்டக் கற்றுத்தந்து, முப்பதாம் தேதிக்குள் உரிமம் வாங்கித்தர வேண்டும். கடைசி நிபந்தனையும் அம்மாள் கேட்டதுதான். அவர் சொன்ன காரணம், "மறுபடி எடுத்துட்டுப் போனாலும் ஒழுங்கா ஓட்டுவாருல்ல."

6. முதல் நிபந்தனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் சட்டைக் காலரே அதற்குச் சாட்சி. இப்போது வாடிக்கையாளர்கள் அவரிடம்தான் துணியைக் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டாவது நிபந்தனையை அவர் அளவுக்கு மீறி நிறைவேற்றி வருவதுதான் சிக்கல். முதல் ஓட்டுநர் தேர்வில் பின்பக்கம் எடுக்கும்போது பாதை குறிக்க வைத்திருந்த ஒரு கூம்பைத் தட்டிவிட்டார். உடனே காரை நிறுத்தி, இறங்கி, கூம்பை நிமிர்த்தி வைத்து அதனிடம் மன்னிப்புக் கேட்டார். தேர்வு நேரம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்வில் ஒரு தவறும் செய்யவில்லை. ஆய்வாளர் வழக்கமாகக் கேட்பதுபோல் "இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். "ஒரு தடவை சார், திருடி ஓட்டினேன். இந்தக் கார்தான். இந்த சாரும் கூட இருந்தார்" என்று என்னைக் காட்டினார். ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டார்.

7. வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு உரிமம் தர இயலாது என்பது உரிம அலுவலகத்தின் பதில். உரிமம் வராமல் வழக்கை முடிக்க இயலாது என்பது தங்கள் பதில். இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு அலுவலகத்துக்கும் ஒன்பது முறை ஏறி இறங்கிவிட்டேன். இரண்டு இடத்திலும் மரியாதையாகவே பேசினார்கள், தேநீரும் கொடுத்தார்கள். இன்று தேதி இருபத்து நான்கு.

8. பொருளில் வேறொரு விஷயம் என்று குறிப்பிட்டிருந்தேன். அது பின்வருமாறு.

நான் உறங்கவில்லை ஐயா. முதல் சிக்னல்வரை உறங்கினேன், அது உண்மை. அதற்குப் பிறகு விழித்துவிட்டேன். கைக்குட்டையை விலக்கிப் பார்த்தேன், தண்ணீர்க்காரர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். பிரேக் என் காலடியில் இருந்தது. மிதித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் மிதிக்கவில்லை. பயிற்சிக்கென்று எனக்கு அனுமதித்திருப்பது மூன்று தெரு. இருபத்திரண்டு வருடமாக அந்த மூன்று தெருவையே சுற்றி வருகிறேன், ஒவ்வொரு குழியும் எனக்கு மனப்பாடம். அன்று கார் நான்காவது தெருவுக்குள் நுழைந்தது. என்னை யாரோ எங்கேயோ அழைத்துப் போகிறார்கள் என்று ஒரு சந்தோஷம் வந்தது. இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், நிறுத்தவா?" என்று கேட்டார். "பரவால்ல, போங்க" என்றேன். பிறகு, "இப்ப எந்தப் பக்கம் சார்?" என்றார். இடது பக்கம் என்றேன். இஸ்திரிக் கடை இடது பக்கம் இருந்தது. அம்மாள் எதிரே தெரிந்தபோது பிரேக் என்று நினைத்து நான் மிதித்தது கிளட்சை. என் மாணவர்களில் ஒருவர் இதைச் செய்திருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பேன்.

9. உண்மையை மட்டுமே பேச வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டவர் அவர். கூம்பிடம்கூட மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்த மூன்று மேற்பார்வை அமர்விலும் தங்கள் எதிரில் உட்கார்ந்து, நான் விழித்திருந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை. ஏன் என்று நேற்றுப் பயிற்சியின்போது கேட்டேன். "அது உங்களோடது சார், நான் எப்படி எடுக்கிறது?" என்றார். அதற்குமேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை, காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

10. ஆகவே ஐயா, முப்பதாம் தேதிக்கு முன் வட்டத்தை மறுபடி கூட்டித் தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். அதில் தீங்கு செய்தவர் நாற்காலியில் என்னை உட்கார வைக்கவும். தண்ணீர்க்காரரின் கெடுவை நீட்டிக்கவும். நீட்டிக்க விதியில் இடமில்லை, யாராவது உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், காரை நிறுத்தவா என்று கேட்டவரையும் போகச் சொன்னவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யவும்.

இதையெல்லாம் இன்று காலை இஸ்திரிக் கடை அம்மாளிடம் நேரில் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்குத் துணி தேய்க்க வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளைத் துணியை மட்டும் இப்போதைக்கு நான் தொடக் கூடாதாம், அதைத் தேய்க்கத் தண்ணீர்க்காரர் எனக்குக் கற்றுத்தருவாராம்.

நாள்: இம்மாதம் இருபத்து நான்கு
இடம்: பள்ளி அலுவலகம், மேல்மாடி

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்

நகல்: வாகன உரிம அலுவலகம், என் மனைவி.