ஓல்காவின் தட்டை நகர்த்த வேண்டாம்

அப்பா,

எட்டு மணி லோக்கல் ரயிலுக்குக் கிளம்புகிறேன். நைட் டூட்டி முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். அவல் போஹா மூடி வைத்திருக்கிறேன், தயிர் ஃபிரிட்ஜில்.

கோழிக்குஞ்சுக்குத் தீனி போட்டதும் தட்டின் ஓரத்தில் விரலால் தட்டுங்கள். கண் தெரியாததால் ஓல்கா அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கொத்தும். தட்டை இடம் மாற்றினால் பழைய இடத்திலேயே பெட்டியின் வெறும் அட்டையைக் கொத்திக்கொண்டிருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கற்கள் போட்டிருக்கிறேன். எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் முகத்தை முழுவதும் முக்கிவிடும். பெட்டி சாயாமலிருக்க என் ரஷ்ய நாவலை முட்டுக் கொடுத்திருக்கிறேன். "இப்பத்தான் அந்த புக்கால ஒரு பிரயோஜனம்" என்பீர்கள். பரவாயில்லை.

மதியம் கிறிஸ்டோபர் அங்கிள் வந்து ஓல்காவைத் தன் கோழிகளோடு விட எடுத்துப்போவார் என்றீர்கள். நேற்று மாலை நான் கத்தியது தப்புதான். ஆனால் மற்ற கோழிகள் இதைக் கொத்தியே கொன்றுவிடும் என்று சொன்னது தப்பில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.

பானு

பி.கு.: நான் தட்டினால் ஓல்கா கொஞ்ச நேரம் தேடிவிட்டுத்தான் வருகிறது. நேற்றுக் காலை நான் தூங்குகிறேன் என்று நினைத்து, "ஏ ஓல்கா, இங்க பாரு... சரி, பாக்காட்டி கேளு" என்றீர்களே, அப்போது நேராக உங்கள் கைக்கு வந்தது. அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை என்றவர் நீங்கள். அங்கிள் வந்தால் இதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.