ஒரு மணிக்கு வர்ற தட்டு

மார்ச் 1, திங்கள்

காலைலயே வெயில். எட்டேகாலுக்கு ஆபீஸ் கேட். நெத்தியில துப்பாக்கி மாதிரி ஒண்ணை வெச்சுப் பாத்து உள்ள விட்டாங்க. பதினோரு மாசம் கழிச்சு என் சீட். கீபோர்டு மேல பல்லி எச்சம். என் நாற்காலிய எவனோ மாத்திக்கினான், இது ஒரு பக்கம் சாயுது.

மேனேஜர் மீட்டிங். மாஸ்க், ஆறடி, லிஃப்ட்ல ரெண்டு பேர். வெளியூர்க்காரங்க ஒரு மாசத்துக்கு ஊருக்குப் போய்ட்டு போய்ட்டு வரக்கூடாது, திருப்பதியிலயே தங்கணும். "சார், எங்க ஊரு இங்கதான், கங்காதர நெல்லூர் பக்கம்"னேன். "அதுக்குத்தான்மா சொல்றேன்"னார்.

மத்தியானம் கேண்டீன். மேஜைக்கு ஒருத்தர், சுத்தி பிளாஸ்டிக் தடுப்பு. எல்லாரும் சுவத்தைப் பாத்துக்கினு துன்றோம். சாம்பார்னு ஒண்ணு. அதுல கேரட்ட மட்டும் அடையாளம் தெரிஞ்சுது.

சீட்டுக்கு வந்தப்புறமும் பசி. லேப்டாப்புக்கு இடது பக்கம் ரெண்டு வாட்டி பாத்தேன். வீட்ல தட்டு அங்கதான் வரும்.

மார்ச் 2

ஹாஸ்டல் ரூம் மூணாவது மாடி. கூட ஸ்வப்னா, கடப்பா பொண்ணு, அதே ஆபீஸ். தமிழ் பாதி, தெலுங்கு பாதி. நல்லா குறட்டை.

ரூல்ஸ் ஒட்டியிருக்காங்க: விசிட்டர் கூடாது. வெளிச் சாப்பாடு உள்ள வரக்கூடாது. ரூம்ல சமையல் கூடாது. ஸ்வப்னா கட்டில் அடியில இண்டக்‌ஷன் ஸ்டவ் இருக்குது, மேல துண்டு போட்டு.

சாயங்காலம் என் வீட்டுக்காரன் முரளி போன். பால் சென்டர்ல இருந்து. "துன்னியா?" "துன்னேன்." "இன்னா?" "இட்லி. கல்லு எடுத்து வீசற மாதிரி." சிரிக்கிறான். சிரிப்பான். அவனுக்கு வீட்ல மொச்சைக்கொட்டைக் குழம்பு.

அத்தை எதுனா கேட்டாங்களான்னு கேட்டேன். "எருமைய கேளு"ன்னான்.

மார்ச் 4, வியாழன்

இதை எழுதி வெச்சிடணும், பின்னால எனக்கே நம்பிக்கை வராது.

நானும் மு.வும் சித்தூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கினு ரெண்டரை வருஷம். நான் காட்பாடி, வேற ஜாதி. அவங்கம்மா அன்னிக்கே கெங்கம்மா மேல சத்தியம் பண்ணிட்டாங்க: "அவகூட ஒரு வார்த்தை பேசினா என் நாக்கு அழுவிப் பூடும்." லாக்டவுன் வரைக்கும் நான் அந்த வாசப்படி மிதிக்கல. இந்த ஹாஸ்டல், வாரத்துக்கு ஒருக்கா மு. வந்து பாக்கறது, அவ்ளோதான். அப்பறம் ஒரே நாள்ல ஹாஸ்டல மூடிட்டாங்க. பைக்ல கூட்டிக்கினு போனான். அத்தை என் பைய பாத்தாங்க, மூஞ்சியப் பாக்கல, உள்ள போய்ட்டாங்க.

பதினோரு மாசம். ஒரு வார்த்தை கிடையாது. ஆனா ஒரு மணி அடிச்சா லேப்டாப் பக்கத்துல தட்டு, மேல இன்னொரு தட்டு மூடி. மீட்டிங்ல இருந்தா சத்தம் வராம வெப்பாங்க. ஒரு நாளும் தவறல.

பேச்செல்லாம் எருமைகிட்ட. அதும்பேரு பங்காரி. நான் உக்கார்ற ஜன்னலுக்கு வெளியிலதான் கட்டிவெச்சிருக்கும். "ஏ பங்காரி, நீயாவது கூப்ட்டா வர்ற. சிலதுங்களுக்கு சோறு ஆறி அவலாப் போனாலும் எழுந்திரிக்கத் தெரியாது." மொத மாசம் பாத்ரூம்ல போய் அழுவேன். அப்பறம் நானும் ஆரம்பிச்சேன்: "பங்காரி, இன்னிக்கி குழம்பு சூப்பர்னு சொல்லு." பதில் வராது. மறுநாளும் அதே குழம்பு வரும்.

கெளம்பற அன்னிக்கி என்னா சொன்னாங்கன்னா: "பங்காரி, போறதுங்க போவட்டும். எனக்கு ஒரு தட்டு கழுவற வேலை மிச்சம்."

அது கோவமா, வருத்தமா, நெசமாவே தட்டு கழுவற கணக்கான்னு தெரியல. நாலு நாளா மண்டைக்குள்ள அதான். எனக்கு சமாதானம் ஒண்ணும் வாணாம். பேர் சொல்லி ஒரு வாட்டி கூப்ட்டாப் போதும்.

மார்ச் 9

வேலை: 112 பில். ஆஸ்பத்திரி பில்லுங்க, எல்லாம் ஒரே மாதிரி. கண்ணு எரிச்சல்.

துன்னணும் போல இருக்கறது:
களி, வேர்க்கடலை சட்னி
பிதுக்குப்பருப்புக் குழம்பு (சீசன் முடிஞ்சிருக்கும், பரவால்ல)
புளிச்சக்கீரை கடைஞ்சது
அடிபுடிச்ச சோறு, மோர் ஊத்தி
கொள்ளு ரசம். கொள்ளு ரசம். கொள்ளு ரசம்

ஸ்வப்னா எட்டிப் பாத்து, "என்ன, கல்யாண மெனுவா?"ன்னா.

மார்ச் 13

பேண்ட் லூசு. பெல்ட்ல புது ஓட்டை.

கேண்டீன்ல இன்னிக்கி ரசம் ஊத்தினாங்க. கேண்டீன்காரர்கிட்ட "அண்ணா, இது ரசமா, கை கழுவற தண்ணியா?"ன்னு கேட்டுட்டேன். அவர் பாவம், "நானும் வீட்லருந்துதாம்மா கொண்டாறேன்"னு அவரோட டப்பாவைக் காட்டினார். தயிர் சாதம், மாவடு. பாத்துக்கினே நின்னேன், வெக்கமில்லாம.

மார்ச் 17, புதன்

துணிஞ்சுட்டேன். மு.வுக்குப் போன் போட்டு, "அத்தைகிட்ட கொள்ளு ரசம் எப்படி வெக்கறதுன்னு கேளு"ன்னேன். "நீயே கேளு"ன்னு ஸ்பீக்கர் போட்டு ஜன்னல்ல வெச்சுட்டான், துரோகி.

"அத்தை... கொள்ளு ரசம்..."

எருமை மூச்சு விடற சத்தம். அப்பறம்:

"ஏ பங்காரி, கேட்டுக்கோ. ஒரு புடி கொள்ளு ராத்திரியே ஊறப் போடணும். வேகவெச்ச தண்ணியக் கீழ கொட்டிடாத, சத்தெல்லாம் அதுலதான். புளி நெல்லிக்கா சைசு. மெளவு, சீரவம், பூண்டு தோலோட தட்டு, அரைக்காத. நொர கட்டினா இறக்கிடு. தளதளன்னு கொதிக்கவிட்டு கேவலப்படுத்தாத."

நான் பில் பேப்பர் பின்னால எழுதிக்கினேன். நடுவுல "காஞ்ச மொளகா எத்தினி?"ன்னு கேட்டுட்டேன், தன்னால வந்துட்டுது. "பங்காரிக்கு ரெண்டு போதும், வவுறு தாங்காது."

மு. பின்னால சிரிச்சு சிரிச்சு இருமறான். எருமை ரசம் வெக்கப் போவுது.

மார்ச் 19

கொள்ளு, பூண்டு, புளி, மெளவு, சீரவம், காஞ்ச மொளகா வாங்கியாச்சு. தாளிக்கிறதுக்கு எண்ணெய், சின்ன பாட்டில். வார்டனுக்குத் தெரியாம பேக்ல மறைச்சு. கேட்டா தலைக்குப் போடற எண்ணெய்னு சொல்லிக்கலாம்.

தொண்டை கரகர. ஆபீஸ் ஏசி நேரா மண்டைல.

மார்ச் 20

உடம்பு வலி. லீவு கேட்டா ஆயிரம் கேள்வி, அதனால போனேன். டெம்பரேச்சர் நார்மல். சாயங்காலம் வந்து படுத்துட்டேன். கொள்ளு ஊறப் போட்டாச்சு, அதை மட்டும் மறக்கல.

மார்ச் 21, ஞாயிறு

ஸ்வப்னா துணி காயப்போட கீழ போனா. கதவைச் சாத்தி ஸ்டவ்வ எடுத்தேன். சொன்ன மாதிரியே எல்லாம். பூண்டு தோலோட, தம்ளர் அடியால தட்டி. நொர கட்டிச்சு, இறக்கினேன். கலர் அப்படியே அத்தை வெக்கறதுதான். ஒரு வாய் குடிச்சேன். சுடுதண்ணி. கொஞ்சம் புளிச்ச மாதிரி, அதுவும் சந்தேகம்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். ஒரு வாரமா இதுக்குத்தான் கெடந்தேன். வேணும்னே எதையோ சொல்லாம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். நெஜமா நெனச்சேன். போன் போட்டேன், மு. எடுத்து ஜன்னல்ல வெச்சான்.

"எல்லாம் போட்டேன், ஒரு வாசனையும் வரல"ன்னேன். குரல் கொஞ்சம் எகிறிட்டுது.

"பங்காரி, கேட்டியா கதைய! சீரவம் போட்டிருக்க மாட்டா. பூண்ட அரைச்சிருப்பா. என் ரசத்துல வாசனை வரலையாம், இந்த ஊர்ல எவளாவது சொல்லிருப்பாளா..."

அப்பதான் ஸ்வப்னா கதவைத் தொறந்தா. "அப்பா, ஏம் வாசனை, என்ன வாசனை! கீழ கேட் வரைக்கும் வருது, வார்டன் மோப்பம் புடிச்சுக்கினு இருக்கா, ஸ்டவ்வ மறை!"

நான் அவளைப் பாத்தேன். பாத்திரத்தைப் பாத்தேன். போன்ல திட்டு பாதியில நின்னுபோச்சு.

அப்பறம், "வனிதா."

யார் கூப்பிடறாங்கன்னு ஒரு செகண்ட் புரியல.

"வனிதா, உனக்கு வாசனை வரலையா?"

"இல்ல அத்தை."

"பூண்டு மிச்சம் இருந்தா மூக்குகிட்ட வெச்சுப் பாரு." வெச்சேன். "இன்னா?" "ஒண்ணும் தெரியல." "நல்லா இழுத்துப் பாரும்மா." இழுத்தேன். ஒண்ணுமே இல்ல.

"நைனா, இங்க வாடா, போனைப் புடி"ன்னு மு.வைக் கூப்பிடற குரல் ஒடஞ்சு போச்சு. ஸ்வப்னா துப்பட்டாவ மூக்குல சுத்திக்கினு வாசப்படியிலயே நின்னா.

பேர் சொல்லிக் கூப்ட்டுட்டாங்க. சந்தோஷப்படக்கூட நேரமில்ல.

மார்ச் 22

டெஸ்ட். மூக்குல குச்சி, கண்ணுல தண்ணி. வரிசையில எனக்கு முன்னாடி ஒரு தாத்தா, "ஏமீ லேதும்மா, ஒண்ணுமில்ல, சும்மா பார்க்கத்தான்"னு தனக்குத்தானே சொல்லிக்கினு இருந்தார்.

மார்ச் 23

பாசிட்டிவ். ஸ்வப்னா நெகட்டிவ், தப்பிச்சா. மொட்டை மாடி ரூமுக்கு என்னை மாத்திட்டாங்க. அந்த மாடிக்கு மெஸ்காரங்க ஏற மாட்டாங்களாம். வார்டன் கீழ இருந்தே கத்துறாங்க: "உங்க வீட்லருந்து சாப்பாடு கொண்டாரச் சொல்லும்மா, கேட்ல வெச்சா வாட்ச்மேன் கயித்துல கட்டுவான்." ரூல்ஸ் எல்லாம் எங்க போச்சோ.

மு. சொன்னான், அத்தை காலைல கெங்கம்மா கோயிலுக்குப் போய்ட்டு வந்தாங்களாம். சத்தியத்தை ஒடச்சதுக்கு ஒரு கோழி, என் மூக்குக்கு ஒரு கோழி. மொத்தம் ரெண்டு கோழி நேந்துக்கினாங்க. "நாக்கு எப்படி இருக்குது?"ன்னேன். "நல்லாத்தான் இருக்குது, காலைலருந்து உன்னைத் திட்டிக்கினே இருக்குது"ன்னான்.

ராத்திரி பயமா இருந்துச்சு. மூச்சை எண்ணி எண்ணிப் பாத்தேன். அத்தைக்கு சுகர். ஒரு வாரம் முன்னாடி ரூலை மீறி ஊருக்குப் போயிருந்தா என்னா ஆயிருக்கும்.

மார்ச் 24, புதன்

காய்ச்சல் இல்ல. பன்னெண்டரைக்கு கீழ பைக் சத்தம். மு., பின்னால அத்தை. புடவைத் தலப்பை மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டிக்கினு. சுகர்காரங்களை இவ்ளோ தூரம் வெயில்ல யார் கூட்டிக்கினு வரச் சொன்னது. போன்ல மு.வைத் திட்டினேன். "நான் எங்க கூட்டிக்கினு வந்தேன், அவங்கதான் என்னைக் கூட்டிக்கினு வந்தாங்க"ன்றான்.

மூணு அடுக்குக் கேரியர். கயித்துல மேல வந்துச்சு. களி, கீரை, கொள்ளு ரசம். இன்னும் சூடு.

ஜன்னல்ல நின்னு துன்னேன். அத்தை கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில, மேல பாத்துக்கினு, மு.வோட போனைக் காதுல வெச்சுக்கினு.

சூடு தெரியுது. களி வழுக்கறது தெரியுது. வேற ஒண்ணுமில்ல. கண்ணை மூடிக்கினு, இது கீரை, இது ரசம்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்.

"எப்படி இருக்குது?"

எனக்கு என்னா புத்தியோ. எதுனா பேசிக்கினே இருக்கணும் அவங்க, என்கிட்டயே. "உப்பு கொஞ்சம் கம்மி அத்தை"ன்னேன்.

கீழ தலையை இன்னும் தூக்கிப் பாத்தாங்க. "கம்மியா? அடியே வனிதா, பூண்டே தெரியாத மூக்கு, உனக்கு உப்பு மட்டும் தெரியுதா? பொய்யப் பாரு பொய்ய. நாப்பது வருஷமா ரசம் வெக்கறேன், என்கிட்டயா? வாட்ச்மேன் தம்பி, நீ சொல்லுப்பா, இவ பேச்சைக் கேட்டியா..." வாட்ச்மேன் ஒண்ணும் புரியாம மேலயும் கீழயும் பாக்கறான். மு. தலையில கை. "வாயை மூடிக்கினு துன்னு. ஒரு பருக்கை கீழ வந்துச்சு, மேல ஏறி வருவேன்."

அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்து ரசம் மூக்குல ஏறிடுச்சு. அதுவாவது தெரியும்னு பாத்தேன், எரிச்சல் மட்டும்தான்.

"சரி அத்தை"ன்னுட்டு மூணு அடுக்கையும் துன்னேன், அவங்க பாத்துக்கினே இருந்தாங்க.