இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு சுரம்

மைனி,

உங்கள் பிஸ்கட் டின்னை அண்ணன் நேற்று என்னிடம் கொண்டுவந்து தந்தான். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லையாம். திறந்ததும் நீங்கள் குவைத்திலிருந்து கொண்டுவரும் பச்சைத் தைலத்தின் வாசனை. சில பொத்தான்கள், ஆஸ்பத்திரி அடையாள அட்டை, அடியில் ஒரு பென் டிரைவ். அதில் ஒரே ஒரு கோப்பு. பெயரைப் பார்த்ததும் எதுவென்று தெரிந்துவிட்டது.

முட்டத்தில் உங்கள் அம்மா பெரிய வெள்ளியன்று பாடிய மாதாவின் புலம்பல் அது. அம்மா போன பிறகு, நர்ஸ் வேலை முடிந்து அறைக்கு வந்து, கம்ப்யூட்டரில் சுரம் சுரமாக அதை ஏற்றினீர்கள். "மகனே" என்று கூப்பிடும் இடத்தில் அம்மாவின் குரல் கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். அந்த ஒரு சுரத்துக்கே ஒரு மாதம் பிடித்தது என்றீர்கள். எனக்கு மெயிலில் அனுப்பினீர்கள். கோயில் பாடகர் குழுவுக்கு அப்போது கீபோர்டு வாசித்தவள் நான்தானே.

என் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். சரியாக "மகனே" வரும் இடத்தில் சுரம் தவறி விழுந்தது. உடனே போன் செய்தேன்.

"மைனி, அந்த எடத்துல சுதி தவறுது."

"எங்கம்ம அப்படித்தான் பாடுவா மக்கா. வேற பிளேயர்ல போட்டுக் கேட்டியா?"

"கம்ப்யூட்டர் மேல பழியப் போடாதீங்க" என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள் என்றுதான் நினைத்தேன்.

வேறு எதிலும் போட்டுக் கேட்கவில்லை. காது தேர்ந்தவள் என்ற திமிர். அந்தச் சுரத்தை எனக்கு ஒத்துவந்த கட்டைக்கு மாற்றி, குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விடுப்பில் வந்து அந்தப் பெரிய வெள்ளியன்று கேட்டீர்கள். "நல்லாருந்து மக்கா" என்றீர்கள். அதன்பின் எனக்கு எதையும் அனுப்பவில்லை. போன தையில் உங்கள் அடக்கத்தன்றும் என் திருத்தத்தைத்தான் பாடினோம்.

நேற்று மடிக்கணினியில் வேறொரு மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தேன். கட்டைகளுக்கு நடுவே நிற்க அந்தச் சுரத்தை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று நீங்கள் உள்ளே குறித்துவைத்த அளவு அதில் தெரிந்தது. என் பழைய மென்பொருளுக்கு அந்தக் குறிப்பைப் படிக்கவே தெரியாது. தனக்குப் பழகிய அளவில் இருமடங்கு நகர்த்தி, அடுத்த கட்டையிலேயே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. இப்போது ஒலிக்கவிட்டேன். வார்த்தையில்லாத வெறும் கம்ப்யூட்டர் ஒலி. ஆனாலும் அந்த இடம் வந்தபோது ஒரு தாய் கூப்பிடுவது கேட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். தப்பு உங்கள் காதில் இல்லை மைனி.

பெரிய வெள்ளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இன்று பயிற்சியில் அந்த இடத்தை உங்கள் அம்மா பாடிய மாதிரி பாடிக்காட்டினேன். இப்போது கீபோர்டு வாசிப்பவள் நான் பழக்கிய பெண். கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, சுதி தவறுது."

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. கீபோர்டை மூடிவைக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் பாடினேன்.